விளக்கு வைத்த பிறகு

"விளக்கு வைக்கிற நேரம்" என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். முன் கதவு திறந்திருக்கும், லட்சுமி வருவாளாம். பின் கதவு சாத்தியிருக்கும். மூதேவி நுழைந்துவிடக் கூடாதாம். அந்த நேரத்தில் தலை வாரக் கூடாது, படுத்துத் தூங்கக் கூடாது, உப்பும் ஊசியும் கைமாற்றாகக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயது வந்த பெண் வீட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பாலோடு ஊட்டிய சட்டம் அது.

நான் சொல்லப் போவது வேறொரு விளக்கைப் பற்றி. குத்துவிளக்கு அல்ல, காமாட்சி விளக்கும் அல்ல. பெண்கள் பள்ளிக்கூடத்துத் தேகப் பயிற்சிக் கூடத்தில், எட்டாத உயரத்தில், கம்பிக் கூட்டுக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்த மின்சார விளக்கு. "இதற்கும் ஒரு கட்டுரையா? அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி எழுதுவாளோ?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தாராளமாகச் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். வீட்டிலே விளக்கு ஏற்றினால் எங்களுக்கு விளையாட்டு முடிந்தது. கூடத்திலே விளக்குப் போட்டால் விளையாட்டு ஆரம்பித்தது. இந்த இரண்டு விளக்குகளுக்கும் நடுவே மூன்று தலைமுறையாக நடந்த வழக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

கூடை வந்த கதை

முதலில் இந்த "ஜிம்னேஷியம்" என்ற வார்த்தை. கிரேக்கர்கள் கொடுத்தது. அதன் வேர்ச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று குடும்பப் பத்திரிகையில் நான் எழுத மாட்டேன். ஆவல் உள்ளவர்கள் அகராதியைப் புரட்டிக் கொள்ளலாம். அந்தக் காலத்து ஏதென்ஸ் நகர ஆண்பிள்ளைகள் வேஷ்டி சட்டையைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் தேகப் பயிற்சி செய்தார்கள் என்பது மட்டும் விளங்கும். அங்கே பெண்களுக்கு இடம் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பெண்களுக்கு இடம் கிடைத்தது வெகு காலத்துக்குப் பிறகு, அமெரிக்காவிலே. 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒரே பனி. வெளியே விளையாட முடியாமல் பையன்கள் கூடத்துக்குள் அடைபட்டு ஒருவரையொருவர் கடித்துக் குதறாத குறை. அவர்களை மேய்க்க வேண்டிய பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு. அவர் பீச் பழம் கட்டிவரும் கூடைகள் இரண்டை எடுத்து மாடி விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். பந்தை அதற்குள் போடுங்கள் என்றார். கூடைப்பந்து பிறந்துவிட்டது. கூடைக்கு அடி இருந்ததால், ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் யாராவது ஏறி எடுத்துத் தர வேண்டியிருந்ததாம்! மறு வருஷமே, 1892-இல், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை விதிகளைச் சற்று மாற்றித் தம் மாணவிகளை ஆடவிட்டார். 1895-இல் ஹோலியோக் என்ற பக்கத்து ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் வாலிபாலைக் கண்டுபிடித்தார். ஆக, இவை இரண்டுமே கூரைக்குக் கீழே பிறந்த குழந்தைகள். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகும் ஆடலாம், விளக்கு இருந்தால்.

நம் ஊருக்கு இந்த ஆட்டங்களை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்ததில் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் அங்கே தேகப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். "டிரில் மாஸ்டர்" என்றும் "டிரில் டீச்சர்" என்றும் நாம் பயந்துகொண்டும் பிரியத்தோடும் கூப்பிட்ட வர்க்கத்தாருக்கு மூதாதை அவர்தான் என்று சொல்லலாம்.

பாளையங்கோட்டைக்கு "தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு" என்று ஒரு பட்டம் உண்டு. பெண் படிப்பில் அந்த ஊர் முந்திக்கொண்டது. சாராள் தக்கர் கல்லூரி 1895-இலேயே தொடங்கியது. ஆகவே தாமிரபரணிக் கரையில் பெண்கள் பள்ளிக்கூடம் புதுமை அல்ல. அதிலே தேகப் பயிற்சியும் புதுமை அல்ல. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண்கள் விளையாடுவது? அதுதான் புதுமை.

ஒரு நாள் வெளிச்சம்

எங்கள் அம்மைக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அவள் பள்ளிக்கூடத்திலே கூடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆண்டு விழாவுக்கு, வாடகைக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு வரும். அந்த வெளிச்சத்திலே அம்மை கோலாட்டம் ஆடியிருக்கிறாள். எழுபது வயதிலும் அதைச் சொல்லும்போது அவள் முகத்திலே அந்தப் பெட்ரோமாக்ஸ் எரியும்.

பெட்ரோமாக்ஸ் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பிரிட்டை ஊற்றிச் சூடாக்கி, புஸ் புஸ்ஸென்று காற்றடித்து, "இதோ பிடித்துவிட்டது, இல்லை, இல்லை" என்று ஊரையே தவிக்க விட்டு, கடைசியில் பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் வரும். அதற்குள்ளே இருக்கும் சின்ன வலைப் பைக்கு மேண்டில் என்று பெயர். முதல் தடவை எரித்ததும் நூல் எல்லாம் சாம்பலாகிவிடும், சாம்பல்தான் பிரகாசிக்கும். விரல் பட்டால் உதிர்ந்து போகும். அப்படிப் பிரகாசிக்கிற சரக்கு தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. அது எங்கே கிடைத்தது தெரியுமா? நாகர்கோவிலுக்கு அப்பால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலே! 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். நம் கடற்கரை மண் சீமைக்குப் போய், மேண்டிலாகி, மேல்நாட்டுத் தெருக்களிலெல்லாம் எரிந்தது. நமக்கோ வருஷத்துக்கு ஒரு ராத்திரி வாடகைக்கு வந்தது.

ஆனால் பெட்ரோமாக்ஸ் கல்யாண விளக்கு, திருவிழா விளக்கு. அடிக்கடி காற்றடிக்க ஆள் வேண்டும், மண்ணெண்ணெய் வேண்டும். பத்துப் பெண்கள் தினமும் ஒரு மணி நேரம் பந்து விளையாட வேண்டும் என்பதற்காக யார் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார்கள்?

பைக்காரா, மேட்டூர் இவற்றுக்குப் பிறகு, 1944-இல் பாபநாசத்தில் நீர் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பொதிகை மலையிலிருந்து இறங்கி வருகிற தாமிரபரணியைக் குழாய்க்குள் விட்டு, சக்கரத்தைச் சுற்ற வைத்து, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். அப்போது எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலருக்கு ஒரு பெரிய கவலை. "தண்ணியிலே இருக்கிற கரண்டை உருவிட்டா, தண்ணியிலே சத்து இருக்குமா? நெல்லு வெளையுமா?" என்று கேட்டார்களாம். கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் போன தண்ணீரில் நெல் பழையபடி விளைந்தது. அதே தண்ணீர் வழியிலே ஒரு வேலையை முடித்துவிட்டும் வந்தது. வீட்டு வேலையை முடித்துவிட்டு வயல் வேலைக்கும் போகிற நம் ஊர்ப் பெண்களைப் போல!

மூன்று விளக்கா, ஆறு விளக்கா?

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது 1967-இல். ஜிம்னேஷியம் என்று பெயர் பெரிதே தவிர, இருந்தது ஓடு வேய்ந்த ஒரு நீண்ட கூடம். காலையில் பிரார்த்தனை, பகலில் பரீட்சை, மழை பெய்தால் மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் விளையாட்டு. ஒரு கோடிச் சுவரில் கூடைப்பந்து வளையம். நடுவே பூப்பந்துக் களம் இடித்துக்கொண்டு அடங்கும். சுவரோரமாகத் தம்ப்பெல் கட்டைகளும் லேசீம்களும் அடுக்கியிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தால் மர விட்டங்கள். விட்டங்களிலிருந்து இரும்புக் குழாய்கள். குழாய் நுனியில், வெளியே பச்சையும் உள்ளே வெள்ளையுமாக எனாமல் பூசிய தகரத் தொப்பி. தொப்பிக்குள்ளே இருநூறு வாட் குண்டு பல்பு. பந்து பட்டு உடையாமலிருக்கக் கம்பிக் கூடு. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, ஆக ஒன்பது விளக்கு. சுவிட்சுகள் தேக்குப் பலகையில், கறுப்பாக, உருண்டையாக இருக்கும். பலகைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி காவல்கார அண்ணாச்சியின் அரைஞாணில்.

அந்தக் குண்டு பல்பு நல்ல பிள்ளை அல்ல. கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே செலவழித்துவிடும். மிச்சம்தான் வெளிச்சம். அதிலும் இருபது அடி உயரத்தில் தொங்கினால் கீழே வந்து சேர்வது எவ்வளவு? விளக்கை இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏற்றினால் தரையில் விழும் வெளிச்சம் பாதியாகாது. நாலில் ஒரு பங்காகும். சமையலறையில் விளக்கைத் தாழ மாட்டியிருக்கிற உங்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரிந்த விஷயம். அந்தத் தகரத் தொப்பி மட்டும் இல்லையென்றால் இருந்த வெளிச்சமும் ஓட்டுக்கும் பல்லிக்குமே போயிருக்கும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஈசல் படை எடுக்கும். பல்புக்குக் கீழே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து, தண்ணீரில் தெரிகிற விளக்கைப் பார்த்து ஈசல்கள் விழும்படி செய்வது எங்கள் முதல் பயிற்சி. ஒரு சமயம் யாரோ வேகமாக எறிந்த டெனிகாய்ட் வளையம் மேலே போய்க் கம்பிக் கூட்டில் மாட்டிக்கொண்டது. எடுக்கிற அளவுக்கு ஏணி கிடையாது. ஒரு வருஷம் முழுவதும் அந்த விளக்கு மாலை போட்ட மாப்பிள்ளையாகவே காட்சி கொடுத்தது.

பள்ளியிலே ஒரு கண்டிப்பான உத்தரவு: நடு வரிசை விளக்கு மூன்று மட்டும்தான் போடலாம். கரண்டுச் சிக்கனம். இதனால் பெரிய தொல்லை. பூப்பந்து மஞ்சள் கம்பளி நூலில் செய்தது, பல்பும் மஞ்சள். பந்து தலைக்கு மேலே எழும்பி விளக்குக்கு நேரே வந்தவுடன் காணாமற் போய்விடும்! எங்கே என்று தேடுவதற்குள் மூக்கின் மேல் வந்து விழும். எங்கள் டிரில் டீச்சர் இரண்டு நாள் நின்று பார்த்தார். "நடு விளக்கு வேண்டாம். களத்துக்கு மேலே விளக்கு இருந்தால் கண் கூசும். இரண்டு ஓரத்திலும் இருக்கட்டும்" என்றார். ஓரம் என்றால் இரண்டு வரிசை. மூன்றுக்குப் பதிலாக ஆறு!

தலைமை ஆசிரியை அம்மாள் காகிதத்தில் கணக்குப் போட்டார். மூன்று பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட். ஆறு எரிந்தால் 1.2 யூனிட். "பூப்பந்துக்காக இரட்டிப்புச் செலவா?" என்றார். டிரில் டீச்சர் ஒன்றும் விவாதம் செய்யவில்லை. "அதிகப்படியான அந்த 0.6 யூனிட்டை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றார். அம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்றோ என்னவோ, அன்று முதல் ஆறு விளக்கு எரிந்தது. சம்பளத்திலும் பிடிக்கவில்லை.

ஆச்சியின் வழக்கு

பள்ளிக்கூடத்து வழக்கு இப்படித் தீர்ந்தது. வீட்டு வழக்கு லேசாகத் தீருமா? எங்கள் வீட்டு நீதிபதி, அப்பாவைப் பெற்ற ஆச்சி. டிரில் டீச்சர் தாமே வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா டீச்சரு, வெளக்கு வச்ச பொறவு பொட்டப்புள்ள வெளிய நிக்கலாமா?" என்று ஆரம்பித்தாள் ஆச்சி.

"நிக்கக் கூடாதுதான் ஆச்சி. அதனாலதான் ஓட விடுதேன்" என்றார் டீச்சர்.

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "கரண்டு போயிட்டுன்னா?"

"அரிக்கேன் வெளக்கு ரெண்டு தொடச்சு வச்சிருக்கேன். ஏழு மணிக்கு நானே கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போறேன்."

"ஏழுன்னா ஏழு. ஒரு நிமிசம் கூடினாலும் நான் அங்க வந்து நிப்பேன், பாத்துக்க!"

ஒரு நிமிஷம் கூடுவதற்கு ஆச்சி காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே ஆறரை மணிக்குக் கூடத்து வாசலில் வந்து நின்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆச்சியோ பெஞ்சியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டு, கூடைப்பந்து போடுவதை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, "ஏட்டி, அந்தக் கூடைக்கு அடி வைக்க மறந்துட்டாவளா? போடப் போட ஓடில்லா போவுது!" என்றாள். நெய்ஸ்மித்தின் பழக் கூடையைப் பற்றிப் பின்னாளில் நான் படித்தபோது ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டேன். முதல் கூடைக்கு அடி இருந்ததே!

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் ஆச்சி வந்து உட்காருவாள். அவள் இருப்பதனால் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலு பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. "ஆச்சி இருக்காவல்லா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் ஒரு மணி நேரம். வீட்டிலே அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்களுக்குச் சொந்தமாக ஒரு பெயரும் கிடையாது: யாருக்கோ காப்பி, யாருக்கோ தண்ணீர், தம்பிக்குப் பாடம். கூடத்திலோ அறுபது நிமிஷமும் எங்களுடையவை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்விட்டுக் கத்தி, விழுந்து, முழங்கால் சிராய்த்து... அப்பப்பா! அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்?

ஒரு மழை ராத்திரி

எங்களிலேயே குறி தவறாமல் கூடையில் பந்து போடுகிறவள் சிந்துபூந்துறைப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். ஆற்றுக்கு அக்கரை. 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று, ஒரு கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு போடுவாள். பந்து இரும்பு வளையத்தைத் தொடாமல் இறங்கும்.

1969-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு நாள். ஆறரை மணிக்கு இடி இடித்தது. ஆறு விளக்கும் ஒன்றாக அணைந்தன. ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சப்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்கவில்லை. டீச்சர் அரிக்கேன் விளக்கை ஏற்றி எங்களைச் சுற்றி உட்கார வைத்தார். எட்டு மணிக்குத்தான் மழை விட்டது. தெருவிலே ஒரு விளக்குக் கூட இல்லை, முழங்கால் தண்ணீர். டீச்சர் ஒரு கையில் அரிக்கேனும் மறு கையில் குடையுமாக எங்களை ஒவ்வொரு வீடாகக் கொண்டு சேர்த்தார். கடைசியாகப் பாலம் தாண்டி அவளைக் கொண்டு விடும்போது ஒன்பதரை. அவளுடைய அப்பா பாலத்திலேயே நனைந்துகொண்டு நின்றிருந்தாராம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டோம், டீச்சர்" என்று கை கூப்பினாராம்.

மறுநாளிலிருந்து அவள் கூடத்துக்கு வரவில்லை. பள்ளிக்கு வருவாள், நாலரை மணி அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். டீச்சர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினார். பலன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடிந்து அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அணியின் பட்டியலில் மட்டும் அந்த வருஷம் கடைசி வரை முதல் பெயராக அவள் பெயரே இருந்தது. டீச்சர் அடிக்கவில்லை.

யாரைக் குறை சொல்வது? மழையையா, மின்சாரத்தையா? அந்த அப்பா கெட்டவர் அல்ல. பயந்தவர். இருட்டிலே, தண்ணீரிலே, மகளைக் காணாமல் இரண்டரை மணி நேரம் நின்றவர். அவருக்குக் கூடத்திலே எத்தனை விளக்கு எரிந்தது என்பது பொருட்டல்ல. கூடத்திலிருந்து தம் வீட்டு வாசல் வரைக்கும் எத்தனை விளக்கு எரிந்தது என்பதுதான் பொருட்டு. எனக்கு அன்று இது புரியவில்லை. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நானே பெண்ணைப் பெற்று, வாசலில் நின்று தெருவைப் பார்த்தபோது புரிந்தது.

குங்குமம் கறுத்த விளக்கு

என் மகள் திருநெல்வேலியில் படித்தது 1990-களில். அதற்குள் குண்டு பல்பு போய், கண் சிமிட்டிக்கொண்டு எரிகிற டியூப் லைட் வந்து, அதுவும் உயரத்துக்குப் போதாமல் பாதரச விளக்கு வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டவுடன் அது எரியாது. முதலில் ஊதாவாக ஒரு மினுக்கல். பிறகு மெள்ள மெள்ள வெளுத்து, முழு வெளிச்சம் வர நாலைந்து நிமிஷம் ஆகும். மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள் பேசத் தொடங்குவது போல என்று நான் சொல்வேன். கரண்டு ஒரு கணம் போய் வந்தால் தீர்ந்தது. குழல் ஆறுகிற வரைக்கும் மறுபடி எரியாது. உள்ளே பாதரச ஆவியின் அழுத்தம் தணிய வேண்டும். பெண்களெல்லாம் இருட்டில் தரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வெளிச்சத்தில் இன்னொரு வேடிக்கை. அதிலே சிவப்பு அநேகமாகக் கிடையாது, நீலமும் பச்சையும்தான். ஆகவே நெற்றிக் குங்குமம் கறுப்பாகத் தெரியும்; உதடு நீலமாகத் தெரியும். அரக்கு நிறச் சட்டை அணிக்கும் கறுப்புச் சட்டை அணிக்கும் வித்தியாசம் தெரியாமல் பந்தை எதிரிக்கே கொடுத்துவிடுவார்கள். மகளை அழைத்துவரப் போன முதல் நாள், "என்னடி, உடம்புக்கு என்ன?" என்று நான் பதறிப் போனேன். "விளக்கும்மா!" என்று அவள் சிரித்தாள்.

ஆனால் அவளுக்குத் தெருவிலே விளக்கு இருந்தது. ஸ்கூட்டரில் அழைத்துவர அப்பா இருந்தார். வாசலில் எங்களைப் போல் ஐந்தாறு தாய்மார்கள் கூடி நின்று, ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்ப்போம். பொழுது போனதே தெரியாது. அவள் ஏழரை வரைக்கும் ஆடினாள். ஆச்சியின் கடிகாரத்தைக் காட்டிலும் அரை மணி கூடுதல்!

இன்று அந்தப் பாதரச விளக்கும் ஓய்ந்தது. பாதரசம் விஷம் என்பதால் மினமாட்டா என்ற உலக உடன்படிக்கையின்படி அதைக் கைவிட்டு வருகிறார்கள். அந்த இடத்தில் எல்.இ.டி. வந்திருக்கிறது. நீல ஒளி தரும் டயோடைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலம் கிடைத்ததால்தான் இந்த வெள்ளை வெளிச்சம். எங்கள் பழைய இருநூறு வாட் பல்பு தந்த ஒளியை இது முப்பது வாட்டிலே தரும். டிரில் டீச்சரின் ஆறு விளக்கும் ஒரு மணி நேரம் எரிய இன்று 0.18 யூனிட் போதும். சுவிட்சைத் தட்டினால் அந்தக் கணமே வெளிச்சம். குங்குமமும் சிவப்பாகவே தெரிகிறது. பாபநாசத்துத் தண்ணீரோடு முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகளின் காற்றும் இப்போது மின்சாரமாகி வருகிறது. இனி என்ன குறை?

விளக்கு இருக்கிறது, கூடம் பூட்டியிருக்கிறது. அதுதான் குறை.

என் பேத்தி படிக்கிற பள்ளியில் கூடம் வெகு அழகு. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை வகித்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையின் படத்தை அவள் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் போன வருஷம் வரைக்கும் அந்தக் கூடத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். நாங்கள் நாலு பேர் போய் விசாரித்தோம். "விளக்கு இருக்கிறது, அம்மா. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நீங்களும்தான் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறீர்களே" என்று பதில் வந்தது. இரண்டும் வாஸ்தவம். அப்போதுதான் எங்கள் வீட்டு நீதிபதியின் ஞாபகம் எனக்கு வந்தது. "ஆள்தானே வேண்டும்? நாங்கள் உட்காருகிறோம்" என்றேன்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும் அங்கே விளக்கு எரிகிறது. பதினாறு பெண்கள் வருகிறார்கள். தாய்மாரும் பாட்டிமாரும் முறை வைத்துக்கொண்டு பெஞ்சியில் உட்காருகிறோம். போகும்போது ஒரே திசைக்குப் போகிறவர்களைச் சேர்த்து அனுப்புகிறோம். ஒவ்வொருத்தி வீட்டு வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் முறைக்காரி வீட்டுக்குப் போகலாம் என்பது எங்கள் சட்டம். வழியிலே ஒரு தெரு விளக்கு எரியவில்லை என்றால் மறுநாளே மனு எழுதிப் போட்டுவிடுகிறோம். நான் வெற்றிலை போடுவதில்லை. அது ஒன்றுதான் ஆச்சிக்கும் எனக்கும் வித்தியாசம்.

உங்கள் பெண் படிக்கிற பள்ளியிலும் ஒரு கூடம் இருக்கும். அடுத்த தடவை மார்க்குப் பட்டியலில் கையெழுத்துப் போடப் போகும்போது, கணக்கிலே எத்தனை, ஆங்கிலத்திலே எத்தனை என்று கேட்டு முடித்த பிறகு, கூடத்து விளக்கு எத்தனை மணி வரைக்கும் எரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "ஆள் இல்லை" என்று பதில் வந்தால் கூசாமல் கையைத் தூக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலே விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும். ஆண்பிள்ளைகள் ஏற்றினாலும் லட்சுமி வருவாள். அன்றைக்கு ராத்திரிச் சமையலைப் பற்றிக் கவலை வேண்டாம். தோசை மாவு இருந்தால் போதும். ஆடிவிட்டு வருகிற பெண்ணுக்கு எட்டுத் தோசை வேண்டியிருக்கும், அதை மட்டும் கணக்கு வைத்து அரைத்துக்கொள்ளுங்கள்.